ஏழு ஊருக்கு ஒரே பெட்டி: கோலா கெடாவிலும் பீடோங்கிலும் ஐந்து நாள்

சென்ற செப்டம்பர் முதல் வாரத்தில் ஐந்து நாள் மலேசியாவின் கெடா மாநிலத்துக்குப் போய்வந்தேன். ஊர் சுற்ற இல்லை, ஒரு பெட்டியை வாங்கிவர. பெட்டி என்றதும் கண்ணைச் சிமிட்டி "தங்கமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, ஆற்று முகத்துவாரத்தில் எவ்வளவு ஆழம் என்று அளக்கிற கருவி அது. மஞ்சள் பெட்டி, பதினோரு கிலோ. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக வழி, செலவு எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். கூடவே என் வண்டவாளமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சோழமண்டலக் கரையில் ஒரு பேரூராட்சியில் பணி ஆய்வாளர். ஊர்ப் பெயர் வேண்டாம், எங்கள் செயல் அலுவலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறவர். எங்கள் ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். படகு போக எது வழி என்று காட்ட, சிவப்புத் துணி கட்டிய குறிக்கம்பு ஒன்றை நட்டுவைப்போம். வழி இரண்டு, தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று. சென்ற ஆண்டு இரண்டையும் மூங்கில் கழியால் அளந்து, தெற்குதான் ஆழம் என்று அங்கே கம்பை நடவைத்தவள் நான்.

நட்ட மூன்றாவது வாரம் அந்தோணி அண்ணனின் படகு அங்கே தரைதட்டிக் கவிழ்ந்தது. அவர் நீந்திக் கரையேறிவிட்டார். படகு பிளந்தது, எஞ்சின் போயே போயிற்று. நிவாரணத்துக்கு மனுப் போட்டார். இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவளும் நான்தான். "குறிக்கம்பை விட்டு விலகி அலட்சியமாக ஓட்டியதே காரணம்" என்று எழுதிக் கொடுத்தேன். மனு தள்ளுபடி. அவர் அலுவலகத்துக்கே வந்து, "கம்பை ஒட்டித்தான் மேடம் வந்தேன், கையை நீட்டினா தொடலாம், அவ்வளவு கிட்ட" என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். இப்போது அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். எதிரே என்னைப் பார்த்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறார். பெட்டி வரட்டும், அளந்து காட்டுகிறேன், யார் சொல்வது சரி என்று ஊரே பார்க்கட்டும் என்று வீம்பாகத்தான் நான் கிளம்பினேன்.

பெட்டி எங்களுடையது இல்லை, ஏழு முகத்துவார ஊர்கள் சேர்ந்து வாங்கியது. எங்கள் ஊர், இலங்கையின் கிழக்குக் கரையில் ஒன்று, தெற்குத் தாய்லாந்தில் இரண்டு, சுமத்ராவில் இரண்டு, கெடாவில் கோலா கெடா. பெரிய நகரங்கள் 'இரட்டை நகரம்' என்று ஒப்பந்தம் போட்டு, சால்வை மாற்றிக்கொண்டு, படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டிவிடும். எங்களைப் போன்ற ஊர்களுக்குச் சால்வை வாங்கவே நிதி கிடையாது. ஏழு பேருக்கும் இருந்தது ஒரே தொல்லை, மணல். தனித்தனியாக ஒரு கருவி வாங்க யாருக்கும் வக்கில்லை. அதனால் ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விட்டார்கள். ஓர் ஊரில் நான்கு மாதம்.

அஞ்சலில் அனுப்பக் கூடாது. வாங்குகிற ஊர் ஆள் நேரில் போய், கொடுக்கிற ஊர் ஆளோடு சேர்ந்து அங்குள்ள முகத்துவாரத்தை ஒருமுறை அளந்து பழகி, கையால் வாங்கிவர வேண்டும். பயணச் சீட்டு வாங்குகிறவர் செலவு, சோறும் படுக்கையும் கொடுக்கிறவர் செலவு. மூன்றாவது விதி: உறுப்பு ஊரின் முகத்துவாரம் தவிர வேறெங்கும் பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. ஏழு ஊருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. அதில் காலை வணக்கப் படம் போடக் கூடாது என்பதும் எழுதிவைத்த விதிதான். அதை யாருக்காகச் சேர்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை பினாங்கில் இறங்கினேன். சென்னையிலிருந்து நேர் விமானம். நான் போனபோது நமக்கு விசா தேவைப்படவில்லை, ஆனால் கிளம்பும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். நீங்கள் போகும்போது விதி என்னவென்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நகரப் பேருந்து, இரண்டு ரிங்கிட் எழுபது காசு, ஒரு மணி நேரம். ரிங்கிட் ஒன்று நம் இருபது ரூபாய்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பட்டர்வொர்த் கரைக்குப் படகு, இரண்டு ரிங்கிட். இறங்கி நடந்தால் ரயில் நிலையம். வடக்கே போகும் கொமூட்டர் ரயிலில் அலோர் ஸ்டார் வரை எட்டு ரிங்கிட்டும் சில்லறையும், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். நம் புறநகர் ரயிலில் இடி வாங்கிப் பழகிய எனக்கு, குளிர்பதனப் பெட்டியில் உட்கார இடமும் கிடைத்ததில் ஏதோ தப்பான வகுப்பில் ஏறிவிட்டேனோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

சுங்கைப் பட்டாணி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஜெராய் மலை வந்தது. அதன்பிறகு வயல், வயல், வயல். நான் ஏதோ ரப்பர் மரமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கெடா என்றால் கடாரம், சோழர் கப்பல் என்று ஊரில் ஆளாளுக்குப் பாடம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் கப்பல்கள் எந்த முகத்துவாரத்தில், எவ்வளவு ஆழத்தில் நுழைந்தன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அலோர் ஸ்டாரிலிருந்து கோலா கெடா பன்னிரண்டு கிலோமீட்டர். வாடகைக் காருக்குப் பதினாறு ரிங்கிட் ஆனது. ஆற்று வாயில் இருக்கும் மீன்பிடி ஊர். ஒருபக்கம் லங்காவித் தீவுக்குப் போகும் பயணிகள் படகு, மறுபக்கம் மீன் சந்தை, நடுவில் எஞ்சின் எண்ணெயும் கருவாடும் கலந்த வாசனை. வாசனை மட்டும் எங்கள் ஊரேதான். படகுத்துறை வாசலில் கணேசன் நின்றிருந்தார். முப்பத்தெட்டு வயது, படகு எஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறையில் வேலை. கோலா கெடா பக்கத்துக் குழுவில் பெட்டிக்குப் பொறுப்பு அவர்தான்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றார். காலைச் சாப்பாட்டை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். மணி மதியம் இரண்டு. அழைத்துப்போய் மீன் குழம்பு ஊற்றிய லக்சா வாங்கிக் கொடுத்தார், ஒரு கிண்ணம் ஐந்து ரிங்கிட். பார்க்கச் சேமியாவைக் குழம்பில் போட்டதுபோல இருக்கும், சாப்பிட்டால் விடமாட்டீர்கள். நான் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தபோதுதான் அவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, பெட்டி இங்க இல்ல லா."

"எங்கே?"

"பீடோங்ல. எங்க அக்கா வீட்டுல."

பீடோங் அங்கிருந்து தெற்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். சுற்றிலும் ரப்பரும், பாமாயில் எடுக்கும் செம்பனையும் வளர்கிற தோட்டங்கள். கடல் அங்கே கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கத்து ஆற்றுத் தண்ணீர் கோலா கெடாவுக்கு வருவதும் இல்லை, மெர்போக் ஆற்றில் சேர்ந்து வேறு இடத்தில் கடலுக்குப் போகிறது. ஏழு ஊர், ஐந்து நாடு, மூன்றாவது விதி, எல்லாவற்றையும் வைத்துக் கடைசியில் அக்கா கேட்டார் என்று தூக்கிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"அக்கா கேட்டாங்க. எப்படி முடியாதுன்னு சொல்றது? அவங்க தோட்டத்துல லயத்துக்குப் பின்னால ஓடுற ஆறு தூர்ந்துபோச்சு. மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி. அளந்து எழுதிக் கொடுத்தாதான் வெட்டுவாங்களாம். இது கூட்டு மாதிரிதானேக்கா? நம்ம முறை வந்தா, நம்ம எடுத்து யாருக்கு வேணும்னாலும் செலவு பண்ணலாம்ல?"

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. நாம் சீட்டு என்பதை அங்கே கூட்டு என்கிறார்கள். நான்கு மாதம் அவர் முறை, அந்த நான்கு மாதத்தில் பெட்டி அவருடையது, அதை அக்காவுக்குக் கொடுப்பது குடும்பக் கடமை. இப்படி ஒரு நியாயம் எந்த ஒப்பந்தத்தை எழுதியவருக்கும் தோன்றியிருக்காது. இதைக் குழுவில் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. அக்காவுக்கு ஆலையில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீட்டில் இருப்பாராம். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வியாழக்கிழமை பெட்டி இல்லாமலே பாடம் எடுத்தார். படகுத்துறைத் தூண் ஒன்றில் வெள்ளை வண்ணத்தில் எண்கள் எழுதியிருந்தார்கள். காலையில் தண்ணீர் மூன்றைத் தொட்டிருந்தது. மதியம் வந்து பார்த்தால் ஒன்றுக்கும் கீழே, சேறு தெரிகிறது. கடல் இப்படி இரண்டு மீட்டர் ஏறி இறங்குவதை நான் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"தூண்ல என்ன நம்பர்னு எழுதாம ஆழத்தை எழுதாதீங்க அக்கா. எப்ப அளந்தோம், அப்ப கடல் ஏத்தமா வத்தமா, அது இல்லாட்டி அந்த அளவு சும்மா," என்றார். எந்த ஊரானாலும் பழைய தேதிக்குக்கூட ஏற்றவற்றம் காட்டும் ஒரு பக்கத்தை என் போனில் திறந்தும் கொடுத்தார்.

"எங்க ஊர்ல ஏத்தம் வத்தம் எல்லாம் சேர்த்தே ரெண்டடிதான். அதை யாரு பார்க்கிறா?" என்றேன். அவர் தூணின் எண்ணைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவர் காடியில் கிளம்பினோம். காரை அங்கே காடி என்கிறார்கள். கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை வேலை வைத்துக்கொண்டு போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். பீடோங் சின்னக் கடைத்தெருதான். ஒரு ஒட்டுக்கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும் சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து ஒன்பது ரிங்கிட். ஒட்டுக்கடை என்பது மரத்தடியில் தகரம் போட்ட சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் மோட்டோவில், அதாவது மோட்டார்சைக்கிளில், வந்த இரண்டு பேர் தமிழும் மலாயும் கலந்து எதையோ வைத்து ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி புரிந்தது, பாதிக்கு நானாகச் சிரித்துவைத்தேன்.

ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் செம்பனைக்குள் போனால் சாந்தா அக்கா வீடு. தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். வெட்டவெளியில் செம்மண் திறந்து கிடக்கிறது. மழை பெய்தால் அவ்வளவும் ஆற்றுக்குத்தான். சாந்தா அக்காவுக்கு ஐம்பது வயது. பிறந்தது இதே லயத்தில், இப்போது வேலை சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில். நான் கோபமாக வந்திருக்கிறேன் என்று தம்பி சொல்லியிருக்க வேண்டும். "தம்பியைத் திட்டாதீங்கமா, நான்தான் கேட்டேன்," என்று சொல்லிக்கொண்டே காப்பி வைத்தார். பெட்டி கூடத்தில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் துடைத்துப் பளபளவென்று இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எந்தக் கருவிக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து ஆட்கள் எட்டுக் குடும்பம் சேர்ந்து வடிகால் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறார்கள். அளவுகளை ஒரு தாளில் அழகாக எழுதி வைத்திருந்தார் சாந்தா அக்கா. ஆனால் முகத்தில் தெளிவில்லை.

"பெட்டி கெட்டுப்போச்சு போலமா. நீங்கதான் பார்க்கணும். மேல் பக்கம் ஆறு நல்லாத்தான் இருக்கு, லயத்துக்கிட்டதான் மண் ஏறிக் கிடக்குது, கண்ணாலயே தெரியுது. ஆனா இது மேல் பக்கம் ஒன்னு இருபதுங்குது, லயத்துக்கிட்ட ஒன்னு அறுபதுங்குது. இதைக் கொடுத்தா, இங்கதான் ஆழமா இருக்கே, எதுக்கு வெட்டணும்னு கேப்பாங்கல்ல?"

ஆற்றங்கரைக்குப் போனோம். ஆறு என்றால் பெரிய வாய்க்கால் அகலம்தான். கருவியின் ஒலி அனுப்பும் முனையை மீன் வைக்கிற வெள்ளை நுரைப்பெட்டியின் மூடியில் செருகி, இரு கரையிலும் கயிறு பிடித்து இழுத்து அளந்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனசில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"முந்தின வெள்ளிக்கிழமை மேல் பக்கம். அன்னிக்கு மீதி முடியல, எல்லாருக்கும் வேலை. போன வெள்ளிக்கிழமை லயத்துப் பக்கம்."

"நடுவுல மழை பெஞ்சதா?"

"பெஞ்சுச்சு, ரெண்டு நாளு, விடாம."

சிரிப்பே வந்துவிட்டது எனக்கு. நடைபாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கச் சிமெண்டுப் படிகள் இருந்தன. பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று காட்ட இரண்டு வெள்ளிக்கிழமையும் தம்பிக்குப் படம் அனுப்பியிருக்கிறார் அக்கா. கணேசன் போனில் இரண்டையும் எடுத்தோம். இரண்டிலும் பெட்டி பாலத்தின்மேல், பின்னால் படிகள். முதல் படத்தில் மேலிருந்து ஆறு படி தெரிகிறது. இரண்டாவதில் மூன்றுதான், மீதி தண்ணீருக்குள். ஒரு படி இருபது சென்டிமீட்டர், அளந்தே பார்த்தோம். மூன்று படி, அறுபது. லயத்துக்கிட்ட ஒன்று அறுபதிலிருந்து அறுபதைக் கழித்தால் ஒரு மீட்டர். மேல் பக்கத்தைவிட இருபது சென்டிமீட்டர் மேடு. அவர்கள் கண் சொன்னதுதான் சரி.

என் உற்சாகத்தைக் கேட்கவேண்டுமா? படியில் நின்றுகொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். "பெட்டி கெடல அக்கா. ரெண்டு இடத்தை ஒப்பிடணும்னா ஒரே தண்ணி மட்டத்துல அளக்கணும். பாதியைத் தண்ணி கம்மியா இருக்கறப்ப அளந்துட்டு, மீதியைத் தண்ணி ஏறினப்புறம் அளந்தா, எது மேடோ அதுதான் பள்ளம்னு வரும். அதை நம்பி ஒருத்தன்..."

அதோடு நின்றுவிட்டேன். நம்பி ஒருத்தன் படகை விட்டால் என்று என் வாயில் வந்துவிட்டது. ஆற்றில் படகே இல்லை.

நான் எங்கள் முகத்துவாரத்தை அளந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. காலை ஏழு மணிக்குத் தெற்கு வழி, ஐந்தரை அடி. அதற்குள் அலுவலகத்தில் கூட்டம் என்று போன் வந்தது. கூட்டம் முடிந்து மதியம் ஒரு மணிக்குத் திரும்பிவந்து வடக்கு வழி, ஐந்தடி. தெற்கு அரையடி கூடுதல், கம்பை அங்கே நடு என்றேன். கணேசன் திறந்துகொடுத்த பக்கத்தில் அந்தத் தேதியைப் போட்டேன். எங்கள் கரையில் அன்று ஏற்றம் காலை ஏழுக்குப் பக்கத்தில், வற்றம் மதியம் ஒன்றுக்குப் பக்கத்தில். நான் தெற்கை அளந்தபோது கடல் முழுக்க ஏறியிருந்தது, வடக்கை அளந்தபோது முழுக்க இறங்கியிருந்தது. யார் பார்க்கிறார்கள் என்று நேற்று நான் கேட்ட அந்த இரண்டடி. வற்றத்தில் தெற்கில் மூன்றரை அடிதான் இருந்திருக்கும், வடக்கில் ஐந்து. நான் கம்பு நட்டது மேட்டில். அந்தோணி அண்ணன் அதைக் கையால் தொடுகிற தூரத்தில்தான் வந்திருக்கிறார்.

"என்னமா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் சாந்தா அக்கா. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பு, படகு, அறிக்கை, நான் எழுதிய அந்த அலட்சியம் என்ற சொல். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்த அண்ணனுக்கு இப்ப படகு இருக்கா?"

"இல்ல."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இப்போதுதானே எனக்கே தெரியும் என்றேன். ஊருக்குப் போய்ப் பெட்டியால் சரியாக அளந்து, உறுதியான பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"எங்க தப்பை இங்கயே நின்னு சொன்னீங்க. நாங்க சங்கடப்படுவோம்னு பார்க்கல," என்றார் அவர். சொல்லிவிட்டு, தாளில் ஒன்று அறுபதை அடித்து, கீழே திருத்தத்தையும் படிக் கணக்கையும் எழுதத் தொடங்கினார். இரண்டு படங்களையும் சேர்த்தே கொடுக்கச் சொன்னேன். மறைக்காமல் கொடுத்தால் எந்தப் பொறியாளரும் ஏற்பார்.

சனிக்கிழமை கோலா கெடாவில் முறைப்படி அளந்தோம். காலை ஏழே முக்காலுக்குப் படகேறி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூணின் எண்ணைக் கரையிலிருந்து ஒருவர் போனில் சொல்ல, ஆற்றுவாயைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று மணி நேரம் உழுதோம். கையெழுத்துப் போடும் படிவத்தில் "வேறு இடத்தில் பயன்பட்டதா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கணேசன் என்னைப் பார்த்தார். "பீடோங், இரண்டு நாள்" என்று நானே எழுதி, குழுவிலும் போட்டேன். பிறகு சுமத்ராவிலிருந்து ஓர் அம்மாள் பதில் போட்டார், எங்களிடம் இருந்தபோது என் மாமாவின் மீன் குளத்துக்குப் போய்வந்தது என்று. அடுத்து தாய்லாந்துக்காரர் ஒரு சதுப்பு நிலக் கால்வாயின் படம் போட்டார். மூன்றாவது விதியைத் திருத்த வேண்டும் என்று இப்போது பேச்சு நடக்கிறது.

யோசித்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெட்டியைவிட அந்த நேரில் போய் வாங்கு என்கிற விதிதான் பெரிதாகத் தெரிகிறது. அஞ்சலில் வந்திருந்தால் நானே பிரித்து, நானே அளந்து, ஏற்றவற்றம் பார்க்காமல் மறுபடியும் தப்பாகவே அளந்திருப்பேன். அதுவும் இந்தமுறை கருவி சொன்னது என்று இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன். சின்ன ஊர்கள் ஒன்றுக்கொன்று உதவுவது என்றால் என்னவென்று என்னைக் கேட்டால், அடுத்த ஊர்க்காரன் முன்னால் நின்று நாம் வேலை செய்துகாட்ட வேண்டியிருப்பது என்றுதான் சொல்வேன். சொந்த ஊரில் நம்மைக் கேள்வி கேட்க ஆள் இல்லை, கேட்டாலும் நாம் கேட்பதில்லை.

போகிறவர்களுக்கு: பீடோங், சுங்கைப் பட்டாணி பக்கம் பார்க்க நினைத்தால் சுங்கைப் பட்டாணியில் தங்குங்கள், கடைகளும் கோயில்களும் தமிழ் பேசுகிறவர்களும் நிறைய. பீடோங் அங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான். உள்ளூர்ப் பேருந்து உண்டு, ஆனால் அது வரும் நேரம் அதற்கே தெரியாது, வாடகைக் கார் நல்லது. தோட்டத்துக்குள் தெரிந்தவர் இல்லாமல் போகாதீர்கள், அது ஆட்கள் குடியிருக்கும் இடம். கோலா கெடாவில் மீன் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். லங்காவிப் படகுக்கு விடுமுறை நாளில் முன்பதிவு அவசியம். கருவி ஏதும் கொண்டுவருவதாக இருந்தால் பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள், அது என்ன கருவி என்று சொல்லும் அலுவலகக் கடிதம் மேலேயே இருக்கட்டும். பினாங்கு விமான நிலையத்தில் என்னை இருபது நிமிடம் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள், பாவம், அவர்களுக்கும் அது என்னவென்று தெரிய ஆசைதான்.

ஊருக்கு வந்து பெட்டியால் அளந்தோம். நான் படியில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய அறிக்கை தவறு என்று என் கையெழுத்தில் புது அறிக்கை போயிருக்கிறது. அந்தோணி அண்ணன் மனு மறுபடி மேலே போயிருக்கிறது, இன்னும் உத்தரவு வரவில்லை. பீடோங் மனுவையும் வாங்கிக்கொண்டார்கள், அளவெடுக்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி, பினாங்கு விமான நிலையம். நம் ஊரில் காலை பதினொன்று. ஞாயிறு அந்தோணி அண்ணன் கடலுக்குப் போகமாட்டார், பூசை முடிந்து வீட்டில் இருப்பார். வெள்ளி மாலை கூப்பிட நினைத்தேன், களைப்பு என்று விட்டேன். சனிக்கிழமை கையில் போனை எடுத்தேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை, வைத்துவிட்டேன். மூன்றாவது முறைதான் எண்ணை அழுத்தினேன். யாரென்று சொன்ன பிறகும் அவர் வைத்துவிடவில்லை.

"அண்ணே, நான் அளந்தது தப்பு. நீங்க கம்பை ஒட்டித்தான் வந்திருக்கீங்க. கம்புதான் மேட்டுல நிக்குது. அறிக்கையை மாத்தி எழுதித் தர்றேன்," என்றேன். மன்னிப்பும் கேட்டேன். திட்டுவார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம் மேடம்," என்றார் அவர். "அந்தக் கம்பு இன்னும் அங்கதான நிக்குது? எங்களுக்குத் தெரியும், நாங்க ஏத்தம் பார்த்துப் போயிடறோம். வெளியூர்ப் படகு வந்தா அதைப் பார்த்துத்தான் உள்ள வருவான். முதல்ல அதைப் பிடுங்கச் சொல்லுங்க. ஆள் இல்லாட்டி சொல்லுங்க, நானே போய்ப் பிடுங்கறேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து எனக்குத் தெரியும். இரண்டு நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்தது என் மானத்தைப் பற்றி. அந்த இரண்டு நாளும் சிவப்புத் துணி கட்டிய கம்பு, இந்த வழியாக வா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றிருக்கிறது.